ஸ்கேனருக்குத் தாளின் அளவைச் சொல்வது

ஆவண ஸ்கேனரில் பக்க அளவு, ஸ்கேன் பரப்பு என்று இரண்டு அமைப்புகள் உண்டு. வைத்திருக்கும் தாள் எவ்வளவு பெரியது என்பதைக் கருவிக்குச் சொல்வது பக்க அளவு. அந்தத் தாளில் எந்தப் பகுதி படமாக வேண்டும் என்பதைக் குறிப்பது ஸ்கேன் பரப்பு.

அன்றாடம் புழங்கும் ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., நீளம் 297 மி.மீ. பத்திரங்களுக்கும் வழக்குத் தாள்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் லீகல் தாள் 216 மி.மீ. அகலமும் 356 மி.மீ. நீளமும் கொண்டது. ஏ4 என்று அமைத்துவிட்டு லீகல் தாளை ஃபீடரில் கொடுத்தால், சில கருவிகள் தாள் சிக்கியதாகச் சொல்லி நின்றுவிடும். மற்றவை அடியில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டரை விட்டுவிட்டு வேலை முடிந்ததாகக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. கையெழுத்தும் முத்திரையும் பெரும்பாலும் இருப்பது அந்த அடிப்பகுதியில்தான்.

தாளின் அளவைத் தானே கண்டறியும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. பின்னணிக்கும் தாளின் ஓரத்துக்கும் உள்ள நிற வேறுபாட்டை வைத்தே அது எல்லையை முடிவு செய்கிறது. ஓரம் கறுத்த பழைய நகலிலும் கிழிந்த தாளிலும் அந்தக் கணக்கு தவறலாம். பல அளவுத் தாள்கள் கலந்த கட்டு என்றால் பெரிய தாளின் அளவையே அமைப்பது நல்லது. மிஞ்சும் வெற்றிடத்தைப் பிறகு வெட்டிவிடலாம். பதிவாகாத வரியை மீட்க முடியாது.

கண்ணாடித் தட்டுள்ள ஸ்கேனரில் முன்னோட்டம் பார்க்க முடியும். தாளை அம்புக்குறியிட்ட மூலையில் ஒட்டி வைத்து முன்னோட்டம் எடுத்தால், திரையில் புள்ளிக்கோட்டுச் சட்டம் தோன்றும். அதை இழுத்துத் தேவையான பகுதியைச் சுற்றி வைப்பதே பரப்பைத் தேர்வது. தாளின் ஓரத்தை ஒட்டியே சட்டத்தை வைக்காமல் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஓர எழுத்துகள் தப்பும். புகைப்படத்துக்கு மட்டும் சட்டம் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். மூடியின் வெள்ளையும் உள்ளே வந்தால், தானியங்கி ஒளிச் சரிசெய்தல் அதையும் கணக்கில் எடுத்துப் படத்தின் வெளிச்சத்தை மாற்றிவிடக்கூடும்.

கண்ணாடிக்கு அடியில் உணரி குறுக்கே ஒரு வரிசையாக அமைந்து, நீளவாக்கில் நகர்ந்து படிக்கிறது. ஆகவே பரப்பின் அகலத்தைக் குறைப்பதைவிட நீளத்தைக் குறைப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆதார் போன்ற அட்டையின் அளவு சுமார் 86 × 54 மி.மீ. அதன் நீண்ட பக்கம் கண்ணாடியின் குறுகிய விளிம்போடு ஒட்டியிருந்தால் உணரி 54 மி.மீ. ஓடினாலே போதும்.

கோப்பின் எடையும் பரப்பைப் பொறுத்ததே. 300 டிபிஐயில் ஏ4 பக்கம் 2480 × 3508 புள்ளிகளாகிறது. வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் அது ஏறக்குறைய 26 எம்பி. அட்டையை மட்டும் தேர்ந்தால் 2 எம்பிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அட்டையை அச்சிலும் அதே அளவில் தர வேண்டுமானால், ஏ4 பக்கமாகவே சேமித்து, 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதைத் தேர்வு செய்யாமல் அச்சிட வேண்டும்.

மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் படத்தில் இருக்கிறதா என்று திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.