பேஸ் ஆன்டெனாவை ஏமாற்றும் தகரமும் தேங்கிய நீரும்

தானாக ஓடும் டிராக்டருக்கும் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும் 2, 3 செ.மீ. துல்லியம் கிடைப்பது செயற்கைக்கோளால் மட்டும் அல்ல. வயல் ஓரத்தில் முக்காலி மேல் அசையாமல் நிற்கும் 'பேஸ்' ஆன்டெனாதான் திருத்தம் அனுப்புகிறது. அது தப்பாகச் சொன்னால் வயலில் ஓடும் கருவிக்குத் தெரியாது. அதை நம்பிக் கோணலாகவே ஓடும்.

நேராக வரும் சிக்னலோடு, தரையில் பட்டுத் தெறித்த சிக்னலும் சற்றுத் தாமதமாக ஆன்டெனாவுக்குள் புகுவதுதான் சிக்கல். இரண்டும் கலந்தால் தூரக் கணக்கு பிசகும். ஜி.பி.எஸ். எல்1 அலையின் நீளம் 19 செ.மீ.; தெறித்த சிக்னலால் ஒரு செயற்கைக்கோளின் அலை அளவீட்டில் 4.8 செ.மீ. வரை பிழை வரலாம். காய்ந்த மண்ணைவிட ஈர மண் அதிகம் தெறிக்கவிடும். நடவுக்கு நீர் கட்டிய வயலோ கண்ணாடி மாதிரி.

இதற்காக 1980களில் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் உருவானது 'சோக் ரிங்' ஆன்டெனா. நடுவில் ஆன்டெனா, அதைச் சுற்றி அடுக்கடுக்காக உலோக வளையங்கள், இடையிடையே பள்ளங்கள். பள்ளத்தின் ஆழம் அலை நீளத்தில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். எல்2 அலைக்கு 6 செ.மீ.க்கு மேல். கீழிருந்து வரும் அலை இந்த வளையங்களைத் தாண்டி நடுவை எட்டுவதற்குள் வலுவிழந்துவிடும். விலையும் எடையும் அதிகம் என்பதால் நிரந்தர நிலையங்களில்தான் இதைப் பார்க்கலாம். நமக்கு, ஆன்டெனாவுக்கு அடியில் தட்டையான உலோகத் தகடு வைத்தாலே ஓரளவு பலன் உண்டு.

ஆனால் எந்த வளையமும் கீழிருந்து வருவதைத்தான் தடுக்கும். ஆன்டெனாவைவிட உயரமான தகரச் சுவரோ டிரெய்லரோ பக்கத்தில் இருந்தால், அதில் பட்டு வருவதைத் தடுக்காது. நிழலுக்காக மோட்டார் ஷெட் ஓரம் முக்காலி வைக்கத் தோன்றும்; வேண்டாம். திறந்த மேட்டில் வையுங்கள். அடிவானத்தில் இருந்து 15 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதி ரிசீவரிலேயே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஜி.பி.எஸ்.சை மட்டும் இயக்கி, வயல் கருவியை ஒரே புள்ளியில் நிறுத்தி, இரண்டு நாள் சில மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். பிழையும் அப்படியே 4 நிமிடம் முந்தி வந்தால் காரணம் தெறிப்புதான். பேஸ், வயல் கருவி இரண்டின் சுற்றுப்புறத்தையும் பாருங்கள். பேஸை நகர்த்தினால் புது இடத்தின் அளவைச் சரியாகப் பதியுங்கள். இல்லையென்றால் முன்பு போட்ட வரிசைக் கோடுகள் எல்லாம் நகர்ந்துவிடும்.