ஊத்தாவில் சிக்கும் விரால்

கோடையில் காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் நீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊர் கூடி மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பலர் கையில் 'ஊத்தா' இருக்கும். மூங்கில் குச்சிகளை வளையத்தில் வைத்துக் கட்டிய கூம்புக் கூடை அது. அடிப்பக்கம் அகலம், மேல்வாய் குறுகல், இரண்டும் திறப்பு. தூண்டிலும் வேண்டாம், இரையும் வேண்டாம்.

கலங்கிய நீரில் மீன் தெரியாதே, எப்படிப் பிடிப்பது? ஊத்தாவைச் சட்டென்று தரைவரை அழுத்துவார்கள். உள்ளே அகப்பட்ட மீன் குச்சிகளில் மோதும். பிடித்திருக்கும் கைக்கு அந்த அதிர்வு தெரியும். பிறகு மேல்வாய் வழியே கைவிட்டு எடுக்க வேண்டியதுதான். ஆழமான நீரில் இது பலிக்காது. கூடை தரையைத் தொடுமுன் மீன் அடிவழியே நழுவிவிடும்.

சேற்று நீரில் ஆக்சிஜன் குறைவு. கெண்டை திணறும், விரால் திணறாது. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் அது காற்றையே சுவாசிக்கிறது. ஆனால் அதற்காக அடிக்கடி மேலே வந்தாக வேண்டுமே! அங்கே எழும் குமிழிதான் ஊத்தாக்காரருக்கு அடையாளம்.

கைவிடும்போது கவனம் தேவை. உள்ளே இருப்பது விராலா, தேளியா என்று யாருக்குத் தெரியும்? தேளி மீனின் மார்புத் துடுப்பில் நச்சு முள் உண்டு. குத்தினால் தேள் கொட்டியதுபோலக் கடுக்கும். அந்த நஞ்சு வெப்பத்தில் வலுவிழக்கும். ஆகவே பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.