மாலை வகுப்பும் சீட்டுக் குலுக்கலும்



நமது இலவச மாலை வகுப்பால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா என்று வரும் ஆண்டு ஆய்வு செய்யப்போகிறோம். அது தொடர்பான கூட்டத்தில் நன்கொடையாளர்களுக்கும் ஆய்வுக்கு முன்வந்த பேராசிரியர்களுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. பலரும் கேட்பதால் விளக்குகிறோம்.

நன்கொடையாளர்கள் சொன்னது: மிக ஏழைப் பிள்ளைகளை நாமே பார்த்துச் சேர்ப்போம், ஆண்டு முடிவில் மதிப்பெண் கூடியதா என்று சொன்னால் போதும்.

பேராசிரியர்கள் சொன்னது: வகுப்பு இல்லாமலும் மதிப்பெண் கூடலாம். விண்ணப்பித்தவர்களில் சீட்டுக் குலுக்கிச் சேருங்கள்; இடம் கிடைக்காதவர்களுக்கும் அதே தேர்வை வைத்து ஒப்பிடுவோம்.

"ஏழைப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு அவனுக்கே பரீட்சையும் வைப்பதா?" என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் எங்களுக்கும் இருந்தது.

ஆனால் கென்யாவில் நடந்ததைக் கேளுங்கள். 1990களில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் 100 பள்ளிகளுக்கு உதவ முன்வந்தது. எல்லாருக்கும் ஒரே ஆண்டில் கொடுக்க முடியாததால், பாரபட்சமின்றிப் பிரித்து, 1996இல் முதலில் 25 பள்ளிகளுக்குப் பாடநூல்கள் கொடுத்தார்கள். மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் சராசரி மதிப்பெண் கூடவே இல்லை! முன்பே நன்றாகப் படித்தவர்கள்தான் முன்னேறினார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம்மிடம் இருப்பது 40 இடம். விண்ணப்பங்களோ 70க்கு மேல். எப்படியும் சிலரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். இதுவரை தெரிந்தவர் பிள்ளைக்கே முதலிடம் கிடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தகுதி சமமாக இருக்கும்போது சீட்டுப் போடுவது மார்க்கத்தில் புதிதல்ல. மர்யம் (அலை) அவர்களைப் பராமரிப்பது யார் என்பதற்கு எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்ததைக் குர்ஆன் (3:44) கூறுகிறது. பயணத்தில் எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்பதை நபி (ஸல்) அவர்கள் சீட்டுப் போட்டே முடிவு செய்தார்கள்.

கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: யத்தீம் பிள்ளைகளுக்குக் குலுக்கல் இல்லை, நேரடியாக இடம், அவர்கள் ஆய்வுக் கணக்கில் வரமாட்டார்கள். இவ்வாண்டு இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை. ஆய்வுச் செலவுக்கு ஜகாத் பணத்தைத் தொடமாட்டோம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. முடிவு பாதகமாக வந்தால் வெளியிட வேண்டாம் என்கிறார் ஒரு நன்கொடையாளர். எதுவானாலும் வெளியிடுவோம் என்று இப்போதே எழுதித் தந்தால்தான் வருவோம் என்கிறார்கள் பேராசிரியர்கள். கொடுத்த பணம் அமானத் என்பதால் எங்கள் மனம் பேராசிரியர்கள் பக்கமே சாய்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பேசி முடிவெடுப்போம். விண்ணப்பித்த பெற்றோரும் வாருங்கள்.