இளைப்பாறி ஊருக்குத் திரும்பியவர்களுக்கு ஏன் நித்திரை வருவதில்லை?

2018 செப்டெம்பரில் ஒரு விடியற்காலை லொறி வந்து நின்றது. வெள்ளவத்தையில் 22 வருடங்களாகச் சேர்ந்த சாமான்கள் ஏ9 வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்து, சுன்னாகத்துக்கு அருகில் அம்மாவின் சீதன வீட்டு முற்றத்தில் இறங்கின. அப்பா அரசாங்க உத்தியோகத்திலிருந்து 60 வயதில் இளைப்பாறியிருந்தார். “இனிச் செத்தாலும் ஊரிலதான்” என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர். லொறி போன பிறகு அவர் செய்த முதல் வேலை, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், ஓய்வூதியக் கடிதங்கள் எல்லாம் இருந்த பையை எடுத்து வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியதுதான்.

அந்தப் பையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும் அப்பாவின் தோளில் அது இருந்தது. கொழும்பிலும் யுத்தம் முடியும்வரை கதவடியில்தான் தொங்கியது. சுற்றிவளைப்பு நடந்தால் பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்ட வேண்டுமே. 2009க்குப் பிறகு சில வருடங்கள் கழித்துத்தான் அலுமாரிக்குள் போனது. ஊருக்கு வந்த அன்று மீண்டும் ஆணிக்கு வந்துவிட்டது. “ஏனப்பா?” என்று கேட்டேன். “கைக்கெட்டின இடத்தில கிடக்கட்டும் பிள்ளை” என்றார்.

அம்மாவின் பிரச்சினை நித்திரை. தான் பிறந்து வளர்ந்த வீட்டில் படுத்துக்கொண்டு, “ஆற்றையோ வீட்டில வந்து படுக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். பிள்ளைகள் நாங்கள் வயதின் கோளாறு என்று முடிவுகட்டினோம். டொக்டர் பிறஷர் பார்த்தார், சீனி பார்த்தார், நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். வீடு மாறியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் ‘திரும்புதல்’ என்ற சொல் என்று இப்போது நினைக்கிறேன். இடம்பெயர்ந்தால் துக்கம், திரும்பினால் சந்தோஷம் என்பது எங்களுக்குள் ஊறிப்போன கணக்கு. ஆனால் 22 வருடங்கள் வாழ்ந்த ஓர் இடத்தை விட்டு வருவதும் ஓர் இழப்புத்தான்.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வெஸ்ற் எண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பை நகர அபிவிருத்திக்காக இடித்தார்கள். அங்கிருந்து வேறு வீடுகளுக்குப் போனவர்களுடன் பேசிய மார்க் ஃபிரீட் என்ற உளவியலாளர் 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பலரிடம் அவர் கண்டது, நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடம் காணும் துக்கத்தைப் போன்றது. போன வீடு முந்தையதைவிட வசதியானதா என்பது இங்கே பெரிய விடயமில்லை. பழகிய தெருவும் முகங்களும் ‘நான் இன்னார்’ என்ற எண்ணத்தையே தாங்கி நின்றவை.

அம்மாவுக்கு வெள்ளவத்தை அப்படித்தான் இருந்திருக்கிறது. கரையோரம் போகும் ரயிலின் சத்தத்தில் மணி சொல்லுவார். வெள்ளிக்கிழமைக் கோயில், கீழ் வீட்டுச் சிங்கள அன்ரியோடு படிக்கட்டில் நின்று கதைக்கும் பத்து நிமிடம், ஒழுங்கை முனையில் மீன்காரர். இவை ஒன்றும் லொறியில் ஏறவில்லை. புது இடத்தில் நடு இரவில் எழும்பினால் கை சுவிச்சைத் தேடிப் போவது பழைய வீட்டுச் சுவரில். அந்த ஒரு கணத் தடுமாற்றம் ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், பின்னேரம் ஆகும்போது ஒரு வயதானவர் ஏன் களைத்துப்போகிறார் என்று விளங்கும்.

அப்பாவின் சிக்கல் வேறு. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற வியன்னா சமூகவியலாளர் அல்பிரட் ஷூட்ஸ், 1945இல் ‘வீடு திரும்புபவர்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போருக்குப் போய்த் திரும்பும் படைவீரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. திரும்புகிறவர் தான் விட்டுப்போன வீட்டையே எதிர்பார்த்து வருகிறார், வீடோ அவர் இல்லாத காலத்திலும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, அவரும் மாறியிருக்கிறார். அப்பாவின் ஊர் 1995இலேயே நின்றுவிட்டது. அவரோடு வாசிகசாலையில் பேப்பர் பார்த்தவர்களில் பாதிப் பேர் கனடாவில். கிடுகு வேலி நின்ற இடத்தில் தகரமும் மதிலும். சந்திக் கடையில் இருந்த பெடியன் அவரைப் பார்த்து “ஐயா கொழும்போ?” என்று கேட்டிருக்கிறான். கொழும்பில் இவ்வளவு காலமும் ‘யாழ்ப்பாணத்து ஆள்’ என்று இருந்த மனிதருக்கு அது சின்னக் கேள்வியில்லை. இரண்டு நாள் அவர் சந்திப் பக்கமே போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஊருக்குத் திரும்பும் முடிவை எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஆவணியில் எடுக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் லண்டன், கனடா என்று சொந்தமெல்லாம் வந்து நிற்கும். வீடுகளில் வெளிச்சம் இருக்கும். அப்பாவும் அம்மாவும் முடிவெடுத்தது அப்படி ஒரு திருவிழாவில்தான். ஆனால் வாழ வேண்டியிருப்பது கார்த்திகை மழையிலும் கூட. அப்போது அக்கம்பக்கத்தில் மூன்று வீடு பூட்டியிருக்கும், ஆறு மணிக்கு மேல் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இருக்காது. யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், திருவிழாக் காலத்தில் முடிவெடுக்காமல் மழைக்காலத்தில் ஒரு மாதம் வந்து தங்கிப் பார்க்கச் சொல்லுவேன்.

யுத்தத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இதற்குமேலும் ஒரு சுமை. நாங்கள் பெட்டி கட்டியதெல்லாம் ஓடுவதற்காகத்தான். இந்த முறை விரும்பித்தான் போகிறோம் என்று மனதுக்குத் தெரியும். உடம்புக்கு அது தெரிய நாளெடுக்கும். ஒரு நாள் அம்மா சொன்னார்: “நாய் குரைச்சா எழும்பி இருந்திடுவன்.” இந்தியன் ஆமிக் காலத்தில் இரவில் நாய்கள் தொடர்ந்து குரைத்தால் ஒழுங்கையால் ஆமி நடக்கிறது என்று அர்த்தம். கொழும்பு மாடி வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. ஊரோடு சேர்ந்து அதுவும் திரும்பி வந்துவிட்டது. பலாலிப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் அப்பாவின் தலை தானாக நிமிரும்.

இதையெல்லாம் வெளியே சொல்ல அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. மயிலிட்டிச் சனம் 1990 ஜூனில் வெளியேறி, 2017இல்தான் தங்கள் துறைமுகத்தைத் திரும்பக் கண்டது. இன்னும் காணி விடுபடாதவர்கள் இருக்கிறார்கள். “எங்களுக்குத் திரும்பி வர வீடாவது இருக்கு, இதில நான் என்னத்தைச் சொல்லி அழுறது?” என்றார். இந்த ஒப்பீடு எங்கள் சமூகத்தில் மிக வழமையானது, ஒருவகையில் நாகரிகமானதும்கூட. ஆனால் ஒருவரின் சிறிய துக்கத்தை மறைப்பதால் மற்றவரின் பெரிய துக்கம் குறைவதில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களின் நிலையைப் பாருங்கள். பெற்றோருக்கு ஊர் யாழ்ப்பாணம், புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் புத்தளம். ஒரே குடும்பத்துக்குள் யார் எங்கே போனாலும் யாரோ ஒருவர் ஊரை இழக்கிறார்.

எங்கள் வீட்டில் நிலைமை ஒரே நாளில் மாறவில்லை. நான் நிறுத்திய ஒரு விடயம், “நீங்கள்தானே ஆசைப்பட்டு வந்தனீங்கள்” என்று சொல்வது. தம்பி அம்மாவின் கட்டிலைத் திருப்பி, வெள்ளவத்தையில் இருந்ததுபோல் ஜன்னல் இடப்பக்கம் வரும்படி போட்டான். தை மாதம் அம்மா ரயிலேறிப் போய்க் கீழ் வீட்டு அன்ரியோடு ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தார். பழைய இடத்துக்குப் போனால் மனம் இன்னும் குழம்பும் என்று நான் பயந்தேன். எதிர்மாறாக, வந்த பிறகுதான் கடைசி இரண்டு பெட்டிகளைப் பிரித்தார். அப்பாவுக்கு உதவியது, நம்ப மாட்டீர்கள், உயிர்வாழ்ச் சான்றிதழ். ஓய்வூதியக்காரர்கள் வருடாவருடம் அதைக் கொடுக்கப் பிரதேச செயலகம் போக வேண்டும். அந்த வரிசையில் கொழும்பிலிருந்து திரும்பிய இன்னும் இருவரைக் கண்டுபிடித்தார். மூவரும் சேர்ந்து கொழும்பைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே அதற்காக ஏங்குகிறார்கள்.

எல்லாம் தானாகச் சரிவரும் என்றும் விட்டுவிடக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, பசியில்லை, எதிலும் விருப்பமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வயதானவர்களில் அது அழுகையாக வராமல், உடம்பு நோவாகவோ ஞாபக மறதியாகவோ வருவதுண்டு. தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். என்ன மருந்து எடுத்தார் என்பதோடு, எப்போது வீடு மாறினார் என்பதையும் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு கலியாணத்துக்காக இருவரும் கொழும்பு வந்தார்கள். மூன்றாம் நாளே அம்மா, “வீட்டை போகவேணும், கிணத்தடி வாழைக்குத் தண்ணி விட ஆளில்லை” என்று தொடங்கிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் யாழ் தேவியில் வந்து இறங்கியபோது தோளில் அந்தப் பை கிடந்தது.