பூட்டு பாதி, தெரு பாதி!

திருடன் எந்த வீட்டைத் தேடி வருகிறான், தோழர்களே?

மாடமாளிகையையா? அங்கே ஆளுயர மதில் நிற்கிறது. வாயிலில் காவலாள் உட்கார்ந்திருக்கிறான். மூலைக்கு மூலை கேமரா விழித்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு நாய் வேறு! அத்தனையையும் தாண்டிக் குதிக்க அவன் என்ன மதிகெட்டவனா? ஒற்றைத் தாழ்ப்பாள் போட்ட வீடு, கணவன் இரவு ஷிப்டுக்கும் மனைவி அதிகாலை வேலைக்கும் போய்விடுகிற வீடு, ஓங்கி உதைத்தால் கதவு நிலையோடு பெயர்ந்து வரும் வீடு. அதுவே அவனுக்கு எளிது. எளிதானதை நாடுவது எல்லாத் தொழிலுக்கும் இயல்பு. களவுத் தொழில் மட்டும் விதிவிலக்கா?

சீமான் வீட்டில் நூறு சவரன் போனால் நாளேட்டில் நான்கு பத்திச் செய்தி வருகிறது. பாட்டாளி வீட்டில் இரண்டு சவரன் போனால் செய்தி வருவதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் திருமணம் தள்ளிப் போகிறது. ஒரு பையனின் படிப்பு பாதியில் நிற்கிறது. சீமான் இழப்பது சேமிப்பில் ஒரு மூலை. நாம் இழப்பதோ, அடகுக் கடையிலிருந்து பாடுபட்டு மீட்டு வந்த ஒரே பண்டம்! ஆகவே, வீட்டைக் காப்பது பற்றிய பேச்சு செல்வருக்கு மட்டும் உரிய பேச்சல்ல. உழைப்பவன்தான் அதைப் பற்றி முதலில் பேசவேண்டும்.

“பேச என்ன இருக்கிறது? நல்ல பூட்டாக ஒன்று வாங்கிப் போட்டால் போகிறது!” என்பார் நண்பர் ஒருவர்.

வாங்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? நம் திண்டுக்கல் தொழிலாளியின் கை வண்ணத்தில் உருவாகும் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே பெற்றது. அதன் உறுதியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பூட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்கவேண்டும். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. கதை என்றால் கற்பனையல்ல, நடந்த கதை.

இலண்டன் மாநகரில், பிக்காடில்லித் தெருவில், பிராமா என்ற பூட்டுக் கம்பெனி கடை வைத்திருந்தது. கடையின் சன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, “இதைத் திறக்கும் கருவியைச் செய்து காட்டுவோருக்கு 200 கினி பரிசு” என்று அறைகூவல் விடுத்தது. பல ஆண்டுகளாக அந்தப் பரிசை யாராலும் தட்டிச் செல்ல முடியவில்லை. 1851-இல் இலண்டனில் உலகப் பெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி, “நான் திறக்கிறேன்” என்று முன்வந்தார். பதினாறு நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் அதனோடு மல்லாடினார். திறந்துவிட்டார்!

இதில் நமக்கு என்ன பாடம்? “பார்த்தீர்களா, பூட்டு பயனற்றது” என்பதா? இல்லை. 51 மணி நேரம் தாங்கியதே, அதுதான் பாடம்! திறக்க முடியாத பூட்டு உலகில் இல்லை. திறக்க நேரம் பிடிக்கும் பூட்டு உண்டு. பூட்டு திருடனைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஹாப்சுக்கு முப்பது நாள் கொடுத்தார்கள். கடப்பாரையோடு வருகிறவனுக்குச் சில நிமிடங்களே உண்டு. அந்த நிமிடங்களுக்குள் நாதாங்கி நெளிகிற சத்தம் யார் காதிலாவது விழவேண்டும், ஒரு விளக்கு எரியவேண்டும், “யாரது?” என்று ஒரு குரல் கேட்கவேண்டும். கேட்டால், பூட்டு வென்றது. கேட்காவிட்டால்? இரும்புப் பூட்டானாலும் எஃகுப் பூட்டானாலும் விடியும் வரை அவனுக்கு நேரம் உண்டு.

பூட்டு நேரத்தை வாங்கித் தருகிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டியது தெரு. பூட்டு பாதி, தெரு பாதி!

ராச்டேல் காட்டிய வழி

வெறும் வாய்ப்பந்தல் அல்ல இது. செய்து பார்த்து, கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? இங்கிலாந்தின் ராச்டேல் நகரில். கூட்டுறவு இயக்கம் பற்றிப் படித்த தோழர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், நெசவாளர் உள்ளிட்ட 28 உழைப்பாளிகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் மெழுகுவத்தியும் வைத்துக் கூட்டுறவுக் கடை திறந்தார்களே, அதே ராச்டேல்!

அந்த நகரைச் சேர்ந்தது கிர்க்கோல்ட் என்ற குடியிருப்பு. ஏறத்தாழ 2,280 வீடுகள். நகராட்சி கட்டி வாடகைக்கு விட்டவை. குடியிருந்தோர் ஏழை எளியவர்கள், வேலையற்றோர் பலர். 1980-களின் நடுவில் அங்கே கன்னக்கோல் ஆட்சி நடந்தது. 1986-87-இல் மட்டும் 526 திருட்டுகள். நான்கு வீட்டுக்கு ஒரு திருட்டு என்ற விகிதம்!

என்ன செய்தார்கள்? போலீசாரும், நன்னடத்தை அலுவலர்களும், மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒன்றுகூடினார்கள். வீட்டைப் பறிகொடுத்தவரிடம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். பிடிபட்ட திருடர்களிடமே போய், “எந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தாய்? ஏன்? எப்படி நுழைந்தாய்?” என்று கேட்டார்கள். மூன்று உண்மைகள் வெளிவந்தன.

முதல் உண்மை: அந்த வீடுகளில் காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்கள் இருந்தன. சில்லறை நிறைந்த பெட்டி ஒவ்வொரு வீட்டிலும்! திருடன் தேடவேண்டிய வேலையே இல்லை. குடித்தனக்காரர் கண்ணுக்கு அது மீட்டர்; திருடன் கண்ணுக்கு அது உண்டியல்.

இரண்டாம் உண்மை: ஒருமுறை திருடு போன வீட்டில்தான் மறுமுறையும் திருடு போகிறது. ஒருமுறை பறிகொடுத்த வீட்டுக்கு ஆபத்து மற்ற வீடுகளைக் காட்டிலும் பல மடங்கு. “போனது போயிற்று, இனி வரமாட்டான்” என்று நாம் ஆறுதல் சொல்கிறோமே, அந்த ஆறுதல் தவறு! வழி தெரிந்துவிட்டது, கதவின் பலவீனம் தெரிந்துவிட்டது, விட்டுப்போன பொருள் இன்னதென்றும் தெரிந்துவிட்டது. ஏன் வரமாட்டான்?

மூன்றாம் உண்மை: திருடியவர்களில் பலர் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள் அல்லர், அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களே.

உண்மை தெரிந்த பிறகு வேலை தொடங்கியது. காசு மீட்டர்கள் அகற்றப்பட்டன. திருடு போன வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். திருடன் எந்தக் கதவால், எந்தச் சன்னலால் நுழைந்தானோ அதை முதலில் பலப்படுத்தினார்கள். பொருட்களில் அடையாளம் பொறித்தார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, திருடு போன வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரை அழைத்து, “இந்த வீட்டின் மேல் கண் வையுங்கள், புதிய சத்தம் கேட்டால் சொல்லுங்கள்” என்றார்கள். பட்டுப்புழுவைச் சுற்றிக் கூடு இருப்பதுபோல, அடிபட்ட வீட்டைச் சுற்றி ஒரு காவல் கூடு! பின்னர், திருடியவர்களின் கடன் தொல்லை, போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கும் வழி தேடினார்கள். மக்களுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம்கூட அமைத்தார்கள்.

விளைவு? 526 ஆக இருந்த திருட்டு, 1989-90-இல் 132 ஆயிற்று. நான்கில் மூன்று பங்கு போயே போயிற்று! வீட்டுக்கு வீடு கோட்டைச் சுவர் எழுப்பியா சாதித்தார்கள்? இல்லை, தோழர்களே. அண்டை வீட்டை அண்டை வீடு பார்த்துக்கொண்டது.

நம் தெருவில் என்ன செய்யலாம்?

நம் வீடுகளில் காசு மீட்டர் இல்லை. ஆனால் மீட்டர் பெட்டி உண்டே! அதன் மேலே சாவியை வைத்துவிட்டுப் போகிறோமே, அது மட்டும் என்ன? மீட்டர் பெட்டி, பூந்தொட்டி, கதவுக்கு மேலுள்ள நிலை, வாசலில் கிடக்கும் பழைய செருப்பு... இவை நமக்குத் தெரிந்த இரகசியம். திருடனுக்கும் தெரிந்த இரகசியம்! சாவி இருக்கவேண்டிய இடம் நம்பிக்கையான அண்டை வீடு.

அடுத்து, கதவைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் நாதாங்கியில் மாட்டுவதால் பயன் என்ன? பூட்டை யார் உடைக்கிறான்? நாதாங்கியைத்தான் நெம்புகிறான். திருகாணிக்குப் பதிலாகப் போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்குங்கள். முன்கதவுக்குத் தரும் மரியாதையைக் கொல்லைப்புறக் கதவுக்கும் தாருங்கள். ஏணி, கடப்பாரை, மண்வெட்டியை வெளியே போட்டுவைக்காதீர்கள். நம் வீட்டை நம் கருவியாலேயே உடைக்க இடம் தரலாமா?

வெளியே தொங்கும் பூட்டு, “உள்ளே ஆளில்லை” என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை. வாசலில் குவியும் நாளேடும், கூட்டாமல் கிடக்கும் குப்பையும் அதையே சொல்கின்றன. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ச் சேருமுன்பே கைபேசியில் படம் பிடித்து உலகுக்கு அறிவிக்கிறோமே, அது இன்னும் உரக்கச் சொல்கிறது! படத்தைத் திரும்பி வந்து போடலாம். வாசலைக் கூட்டவும், மாலையில் விளக்குப் போடவும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம். வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துச் செல்லுங்கள் என்று விழாக் காலங்களில் போலீசாரே கேட்டுக்கொள்வதுண்டு. கேட்டதைச் செய்வதில் நமக்கென்ன தயக்கம்?

நகையையும் அதன் இரசீதையும் படம் பிடித்து வையுங்கள். எடையைக் குறித்து வையுங்கள். கைபேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். அதையும் எழுதி வையுங்கள். களவு போன பின், “என் பொருள்தான்” என்று மெய்ப்பிக்க அது உதவும்.

களவு போய்விட்டதா? எதையும் தொடாதீர்கள், கைரேகை அழிந்துபோகும். காவல் நிலையம் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. யாரும் போடும் பிச்சையல்ல! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரவில் வீடு உடைத்துத் திருட முனைவோருக்கு 14 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் புகாரே இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்யும், பாவம்!

காவல் வேறு, கும்பல் வேறு

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தெருக் காவல் என்றதும் தடியைத் தூக்கிக்கொண்டு, முகம் தெரியாதவனையெல்லாம் மடக்கிக் கட்டிவைத்து அடிப்பது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத் தொழிலாளி, பழைய பொருள் வாங்க வருபவர், மனநிலை பிறழ்ந்து அலைபவர்... சந்தேகத்தின் முதல் அடி இவர்கள் முதுகில்தான் விழுகிறது!

சந்தேகத்தைச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்று தமிழகத்துக்குத் தெரியாதா? வெள்ளையர் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறக்கும்போதே திருடன் என்று முழுச் சமூகங்களுக்கே முத்திரை குத்தினார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி பாய்ந்தது. உயிர்கள் பல பறிபோயின. அச்சட்டம் இங்கே 1947-இல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-இல் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, அந்தச் சட்டத்தின் புத்தி நம் தெருவில் உயிர்த்தெழலாமா?

கிர்க்கோல்ட் மக்கள் கண்ணைத்தான் பயன்படுத்தினார்கள், கையை அல்ல. பார்ப்பது, விளக்குப் போடுவது, குரல் கொடுப்பது, 100 அல்லது 112 எண்ணுக்குச் சொல்வது. நம் வேலை அதோடு முடிந்தது. பிடிப்பது போலீசார் பொறுப்பு, தண்டிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு.

தோழர்களே! கொடி கட்டவும் கூட்டம் நடத்தவும் தெருத்தெருவாகச் செல்கிறோம். எந்த வீட்டில் யார் இரவு வேலைக்குப் போகிறார், எந்த வீட்டில் முதியவள் தனியாக இருக்கிறாள், எந்த வீடு சென்ற மாதம் திருடு போனது... நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்திலோ படிப்பகத்திலோ கூடுங்கள். ஆறு வீட்டுக்கு ஒரு குழு வகுத்துக்கொள்ளுங்கள். கைபேசி எண்களை எழுதி வீட்டுக்கு வீடு ஒட்டுங்கள். எரியாத தெருவிளக்கைக் கணக்கெடுத்து, அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்; கொடுத்துவிட்டு வராமல், எரியும் வரை கேளுங்கள். நம்மில் தச்சர் உண்டு, கொல்லர் உண்டு, வெல்டிங் தெரிந்தவர் உண்டு. திருடு போன வீட்டின் கதவுக்குத்தான் முதல் போல்ட்!

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருள் வேண்டாம். “அது அவன் வீட்டு விவகாரம்” என்ற பேச்சை மட்டும் விட்டால் போதும். நள்ளிரவில் பக்கத்து வீட்டு நாதாங்கி சத்தமிட்டால், எழுந்து விளக்கைப் போடுங்கள், தோழர்களே. நாளை உங்கள் நாதாங்கி சத்தமிடும்போது எழுந்து வருபவர் அந்த வீட்டுக்காரர்தான்.