சைக்கிளும் சிக்கனமும்

நெசவாளர் இல்லத்தில் தறிக்கு அடுத்தபடியாகவும், விவசாயி இல்லத்தில் உழவு மாட்டுக்கு அடுத்தபடியாகவும் நெடுங்காலம் உழைத்து வந்த சாதனம் சைக்கிள் ஆகும். சங்கத்திலிருந்து நூற்கட்டு வீட்டுக்கு வந்ததும், நெய்து முடித்த துணி மூட்டை சங்கத்துக்குத் திரும்பியதும் சைக்கிள் கேரியரிலேதான். விடியுமுன் காய்கறிக் கூடைகளைச் சந்தைக்குச் சுமந்ததும் அதுவே. இன்றோ பல வீடுகளில் அது காற்றிறங்கித் திண்ணையோரத்தில் சாய்ந்து கிடக்கிறது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, இதனால் நாம் இழப்பது யாது என்பதை அங்கத்தினர்கள் சற்றே ஆராய்ந்து பார்த்தல் நலம்.

2001ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் ஏறத்தாழ 44 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவை 12 குடும்பங்களிடமே இருந்தன. 2011ஆம் ஆண்டின் கணக்கில் சைக்கிள் உள்ள குடும்பங்கள் ஏறத்தாழ 45. மோட்டார் வண்டி உள்ளவை 21. பத்தாண்டுகளில் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்க, மற்றொன்று ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1951இல் சோனிபத்தில் தொடங்கப்பெற்ற அட்லஸ் கம்பெனி, 2020 ஜூன் 3ஆம் நாள் சாகிபாபாத் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் சபை 2018இல் உலக சைக்கிள் தினமாக அறிவித்ததும் அதே ஜூன் 3ஆம் நாளைத்தான்.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. வேலையும் பள்ளியும் வீட்டைவிட்டு விலகிச் சென்றன. மோட்டார் வண்டி தவணை முறையில் எளிதாகக் கிடைத்தது. சாலைகளில் வேகம் மிகுந்ததே ஒழிய, சைக்கிளில் செல்வோர்க்கென ஓரம் ஒதுக்கப்படவில்லை. இவற்றோடு கௌரவம் என்னும் எண்ணமும் சேர்ந்தது. சைக்கிளில் வருபவர் வசதியற்றவர் என்று உலகம் எண்ணும் என அஞ்சிக் கடன்பட்டு மோட்டார் வண்டி வாங்கியவர் நம்மிடையேயும் இல்லாமலில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்கத்தினர் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் சங்கத்துக்குமாக நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாட்களுக்கு 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 6 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் ரூ. 100 என்று கொண்டால் மாதம் ரூ. 600; ஆண்டுக்கு ரூ. 7,200. ஆயில், இன்ஷூரன்ஸ், தவணைக் கடனின் வட்டி ஆகியவை இதில் சேரவில்லை. கூலி நெசவு செய்பவர் இச்செலவைத் துணியின் விலையில் ஏற்றிவிட முடியாது. அது அவர் கூலியிலிருந்தே கழிகிறது. ஓராண்டுப் பெட்ரோல் செலவில் சாதாரணச் சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் இவ்வளவு சிக்கனமாக இயங்குவது எதனால்? நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் சிறிது எழுந்து தாழ்கிறது. நம் சக்தியில் ஒரு பகுதி அதிலேயே செலவாகிறது. சைக்கிளிலோ உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. காலின் பலம் பெடலிலிருந்து சங்கிலி வழியே, மிகச் சொற்ப நஷ்டத்துடன், பின்சக்கரத்தைச் சேர்கிறது. ஆகவே நடப்பதற்குச் செலவாகும் அதே முயற்சியில் சமதரையில் மூன்று மடங்கு தூரத்துக்கு மேல் செல்லலாம்.

தேகநலமும் இதனுடன் வருகிறது. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள்தோறும் அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் சைக்கிள் மிதித்தால் அக்கணக்கு நிறைவேறிவிடும். இருதயமும் நுரையீரலும் வலுப்பெறும். உடல் பாரம் முழங்காலில் அதிகம் விழுவதுமில்லை. நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து தொழில் செய்வோர்க்கு இது பெரிதும் ஏற்றது.

சைக்கிள் ஒரு சமூகத்தையே முன்னேற்ற வல்லது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்று. 1990களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள் போதாமையால் ஆண்களின் சைக்கிளையே வாங்கி ஓட்டினர். பஸ்ஸுக்கும் வீட்டு ஆடவர்க்கும் காத்திராமல், விளைபொருளைத் தாமே விற்றுவரவும், தண்ணீர் கொணரவும் அவர்களால் முடிந்தது.

குறைந்த வழக்கம் மீண்டும் வளராது என்று எண்ணவும் வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 1950களிலும் 1960களிலும் மோட்டார் கார் பெருகிச் சைக்கிள் வெகுவாகக் குறைந்தது. 1971இல் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதன்பின் அந்நாட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் அமைத்தனர். இன்று சைக்கிள் வழக்கில் உலகுக்கே முன்னோடியாய் விளங்குகின்றனர்.

மோட்டார் வண்டியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. தொலைதூரப் பயணத்துக்கும், பெரும் பாரத்துக்கும், நோயாளியை அழைத்துச் செல்லவும் அது தேவையே. ஐந்தாறு கிலோமீட்டருக்குட்பட்ட அன்றாடப் போக்குவரத்துக்கு மட்டுமேனும் சைக்கிளை எடுத்தால் போதும்.

இதற்குச் சங்கங்கள் செய்யக்கூடியன சில உண்டு. துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின் சைக்கிள் வாங்கச் சிறு கடன் அளிக்கலாம். சங்கக் கட்டிடத்தில் நிழற்கொட்டகை ஒன்றும், காற்றடிக்கும் பம்பு, ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்றும் வைக்கலாம். அங்கத்தினர்களும் டயரில் காற்றைக் குறையவிடாமலும், சங்கிலிக்கு எண்ணெயிட்டும், பிரேக் கட்டைகள் தேய்ந்தவுடன் மாற்றியும் வருதல் வேண்டும். பெடல் கீழே இருக்கையில் குதிகால் அதைத் தொட்டுக் கால் நேராக நீளும்படி இருக்கையை உயர்த்திக் கொண்டால் முழங்கால் நோகாது. இரவில் செல்வோர் முன்விளக்கும், பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பானும் இன்றிப் புறப்படலாகாது.

நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி பெற்றிருக்கின்றனர். படிப்பு முடிந்ததும் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் பழுதுபார்த்து உபயோகித்தால், மாதந்தோறும் மிச்சமாகும் தொகையைச் சங்கத்திலுள்ள நம் சிக்கன சேமிப்புக் கணக்கில் சேர்த்து வரலாம்.