ஓணத்துக்குப் பிறகும் தோட்டத்தில் பூ வேணுமா? டிசம்பரில் பூக்கும் செடிகளை எங்கே, எப்படி வளர்ப்பது?

ஓணத்துக்காக வீட்டிலேயே கேந்தி வளர்ப்பது கேரளத்தில் இப்போது பரவலாகிவிட்டது. குடும்பஸ்ரீ குழுக்களும் நடுகின்றன. ஆனால் கேந்தி ஒரு பருவச் செடி. அத்தப்பூக்களம் முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம், தமிழக எல்லையை ஒட்டியிருக்கிறது காரக்கோணம். வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள் இங்கே வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கிறிஸ்துமஸ், பொங்கல் சமயத்தில்தான். அந்த நேரத்தில் பூக்கிற, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கிற செடிகள் இருக்கின்றன. ஆனால் இடம் தப்பினால் வெறும் இலைதான் மிஞ்சும்.

எந்தச் செடிகளைத் தேர்வு செய்யலாம்?

டிசம்பர் பூ: முதல் தேர்வு இதுதான். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை பூக்கும். கொப்பை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் கேட்டால் காசில்லாமல் கிடைக்கும்.

செவ்வந்தி: நர்சரியில் பூவோடு வாங்கி, பூ காய்ந்ததும் தொட்டியோடு தூக்கிப் போடுபவர்கள் அதிகம். அது தேவையே இல்லை. அடியோடு ஒட்ட வெட்டிவிட்டால் பக்கக் கன்றுகள் முளைக்கும். பிரித்து நட்டால் ஒன்று பலவாகும்.

பாயின்செட்டியா: கிறிஸ்துமஸுக்குச் சிவக்கும் செடி. சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, பூவைச் சுற்றியுள்ள இலைகள். வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கையுறை நல்லது.

காகிதப்பூ: மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும்போதுதான் இது களைகட்டும். தண்ணீரும் உரமும் அதிகமானால் இலை மட்டுமே தழைக்கும்.

வெயில் விழும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்குக்குமே தினமும் சுமார் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். தென்னையும் ரப்பரும் சூழ்ந்த புரையிடங்களில் இது எளிதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ஜூனில் வெயில் விழும் இடத்தில் டிசம்பரில் வெயில் விழாமல் போகலாம்.

கணக்கு இதுதான். காரக்கோணம் சுமார் 8.4 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு 15 டிகிரி வடக்கே நிற்கும். டிசம்பர் 21 அன்று 32 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். 10 அடி உயரச் சுவரின் நிழல் அன்று நண்பகலில் வடக்குப் பக்கமாக 6 அடிக்கு மேல் நீளும். ஜூனில் அதே வடக்குப் பக்கத்தில் நண்பகல் நிழலே இருக்காது.

அதாவது, மழைக்காலத்தில் இடம் பார்த்து வடக்குச் சுவரோரம் நட்ட செடி, பூக்க வேண்டிய மாதத்தில் நிழலில் மாட்டிக்கொள்ளும். வீட்டின் தெற்குப் பக்கம் பாதுகாப்பான தேர்வு.

இரவு விளக்குக்கும் பூவுக்கும் என்ன தொடர்பு?

பகல் வெளிச்சம் எவ்வளவு முக்கியமோ, செவ்வந்திக்கும் பாயின்செட்டியாவுக்கும் இரவின் இருட்டும் அவ்வளவு முக்கியம். இரவு போதிய அளவு நீண்டால்தான் இவை மொட்டு விடும். பகல், இரவின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள்.

லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். காரக்கோணத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான்: ஜூனில் 12 மணி 37 நிமிடம், டிசம்பரில் 11 மணி 38 நிமிடம். இவ்வளவு சிறிய மாற்றத்தை நம்பியிருக்கும் பாயின்செட்டியாவை ஒரு எல்இடி பல்பு குழப்பிவிடும்.

இதே உத்தியை விவசாயிகள் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் பக்கம் செவ்வந்தி வயல்களில் இரவில் பல்புகள் எரியும். செடி வளரும் முன்பே மொட்டு விடாமல் தடுக்கத்தான் அது. உங்கள் போர்டிகோ விளக்கும் தெருவிளக்கும் அதே வேலையைச் செய்யும், நீங்கள் கேட்காமலேயே.

தீர்வு: இந்த இரண்டையும் விளக்கொளி படாத இடத்தில் வையுங்கள். அப்படி இடம் இல்லையா? அக்டோபர் முதல் எட்டு வாரம், மாலை 5 மணியிலிருந்து காலை 8 மணி வரை பாயின்செட்டியாவை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். பகலில் வெயில் அவசியம்.

எப்போது என்ன செய்யணும்?

பிப்ரவரி, மார்ச்: பூ ஓய்ந்ததும் கத்தரியுங்கள். காகிதப்பூவை மட்டும் அதன் பூ முடிந்த பிறகு வெட்டலாம்.

மே: இடவப்பாதி மழைக்கு முன் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். வேரில் தண்ணீர் நின்றால் செவ்வந்தி அழுகிவிடும். இங்குள்ள செம்மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மட்டும் சுண்ணாம்பு சேருங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட்: நுனி கிள்ளுங்கள், பக்கக் கொப்புகள் பெருகும். செவ்வந்தியை நட்ட நான்காவது வாரத்தில் கிள்ளலாம். இங்கே பகல் எப்போதுமே குறுகியது என்பதால் சின்னக் கன்றிலேயே மொட்டு வந்துவிடும், அதையும் எடுத்துவிடுங்கள்.

செப்டம்பர்: கத்தரியை எடுத்து வைத்துவிடுங்கள். இனி கிள்ளும் ஒவ்வொரு நுனியும் டிசம்பரில் நீங்கள் இழக்கும் பூ.

டிசம்பர்: துலாவர்ஷம் ஓய்ந்ததும் காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். மற்றவற்றுக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்றினால் போதும்.

இந்த டிசம்பரில் ஊருக்குப் போனால் முதலில் ஒன்று செய்யுங்கள்: காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு வீட்டைச் சுற்றி வெயில் விழும் இடங்களை போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் எங்கே குழி தோண்டுவது என்பதை அந்தப் படங்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.